டர்பனில் நீரிழிவு விழிப்புணர்வு நடை: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தேரும் காவடியும் நடத்திப் பழகிய கோயில் குழுக்களுக்கு, நவம்பர் 14ஆம் நாள் உலக நீரிழிவு நாளையொட்டி நன்கொடை திரட்டும் ஓர் அறநிதி நடை நடத்துவது பெரிய காரியமாகத் தோன்றுவதில்லை. அந்த எண்ணமே முதல் தவறு. காவடி எடுப்பவர் நாள்கணக்கில் விரதமிருந்து, மனத்தையும் உடலையும் ஆயத்தப்படுத்திக்கொண்டு வருகிறார். நடைக்கு வருபவரோ, நாம் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோமோ அதே நோயோடு, காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, நடந்து பழகாத கால்களோடு வருகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் குழுவில் இருந்த ஒரு நடையில், மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பெரியவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுவதும் வியர்வை; விரல்கள் நடுங்கின; பேச்சு குழறியது. வெயிலின் வேலை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தோம், விசிறினோம். உடன் நடந்து வந்த செவிலியர் ஒருவர் விரலில் குத்திப் பார்த்தபோது கருவி 3.1 என்று காட்டியது; சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. சர்க்கரைக்கு எங்கே போவது? நீரிழிவு நடையில் இனிப்பு கூடாது என்று நாங்களே தீர்மானம் போட்டு, குளிர்பானத்தைக்கூடச் சர்க்கரை இல்லாத வகையாகப் பார்த்து வாங்கியிருந்தோம். கடைசியில், எதிர்வீட்டு அம்மா ஒருவர் டம்ளரில் சீனியைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும், நடக்கும்போது இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். நினைவு இருந்தால், ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், 10177 எண்ணையோ, கைப்பேசியிலிருந்து 112 எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் சீனியும், சோதனைக் கருவியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் ஆளும் இருப்பது, பதாகையையும் சட்டையையும் விட முக்கியம்.

நாள் குறிப்பதிலும் இதே கவனம் தேவை. தீபாவளி நவம்பரில் இரண்டாம் வாரத்தையொட்டி வரும் ஆண்டுகளில், கந்த சஷ்டியின் ஆறு நாள் விரதத்துக்குள் 14ஆம் தேதி விழுந்துவிடும். வெறும் வயிறும் மாத்திரையும் ஐந்து கிலோமீட்டரும் ஒன்றுசேரக் கூடாது. ஒரு வாரம் தள்ளி நடத்தினால் எந்தக் குறையும் வந்துவிடாது. நவம்பரில் டர்பனில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது, புழுக்கமும் சீக்கிரமே ஏறிவிடுகிறது. எனவே ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடுவது நல்லது. சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று எட்டு மணி வரை கூட்டத்தை வெயிலில் நிறுத்திவைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அவர் வந்தபின் பேசிக்கொள்ளட்டும். சாட்ஸ்வர்த் போன்ற மேடு பள்ளமான இடங்களைவிடக் கடற்கரை நடைபாதை முதியவர்களுக்கு ஏற்றது, ஆனால் மாநகராட்சி அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நேர்த்திக்கடனாக எண்ணி வெறுங்காலோடு நடக்க வருபவர்களை அன்போடு தடுத்துவிடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்த நோயாளிக்குக் கொப்புளம் எழுந்ததே தெரியாது, பிறகு அது ஆறாத புண்ணாகிவிடும்.

துண்டறிக்கையை இந்தியாவிலிருந்து அப்படியே எடுத்து அச்சிடுவது இன்னொரு தவறு. அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று அளக்கிறார்கள், இங்கே லிட்டருக்கு மில்லிமோல். வெறும் வயிற்றில் நீரிழிவுக்கான எல்லையாக அங்கே சொல்லப்படும் 126 என்பது இங்கே 7. தம் கருவியில் 12 என்று பார்த்தவர், துண்டறிக்கையில் உள்ள 126ஐப் படித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினால் அது நம் பிழை. தமிழில் மட்டும் அச்சிட்டால் பேரப்பிள்ளைகளால் படிக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சோதனை மேசையில் பெயர், தொலைபேசி எண், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, அடுத்து வருபவர் பார்க்கும்படி விட்டுவிடுகிறோம். உடல்நிலை பற்றிய தகவலுக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் காப்பளிக்கிறது. சட்டம் இருக்கட்டும், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவின் சர்க்கரை அளவைப் பக்கத்து வீட்டுக்காரர் படிப்பது முறையா? ஆளுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். சர்க்கரை 18 என்று வந்தவரிடம் "டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்வதோடு நில்லாமல், எந்த மருத்துவ நிலையத்துக்கு எந்த நாளில் போவது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி ஒப்புதல் பெற்ற அமைப்பு மட்டுமே நன்கொடைக்கு வரிச்சலுகைக்கான ரசீது தர முடியும். ஒப்புதல் இல்லாத சங்கம் அந்த வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது.

முதல் ஆள் வந்து சேர்ந்ததும் காலை உணவைப் பரிமாறத் தொடங்கி, அரை மணியில் பாத்திரங்களைக் கழுவிவிடுவதும் நடக்கிறது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு தொண்டரும் ஒரு வாகனமும் வர வேண்டும். மெதுவாக நடப்பவர்தான் பெரும்பாலும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர். அவருடைய இட்லியை எடுத்துவைத்திருங்கள்.