கரித்துணி: எழுதும்போது சறுக்குகிற இடங்கள்

சமையல் குறிப்புகளைத் திருத்துவது என் வேலை. புதிதாக எழுத வருபவர்களின் குறிப்புகளில் உப்பு, புளி அளவெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குகிற வரி வந்ததும்தான் என் பேனா தானாக எழுந்துகொள்ளும். அங்கே ஒரு துணி வரும், அதன் பெயரில் ஏதாவது கோளாறு இருக்கும். நானும் அதே துணியில் கால் தடுக்கி விழுந்த ஆள்தான். ஒருமை, பன்மை, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் அவரவரே பார்த்துக்கொள்ளலாம், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறித்துணி

கரித்துணி. இது அடுப்புக் கரி, இடையின ரகரம். விறகடுப்பில் ஏறிய பாத்திரத்தின் அடியெல்லாம் கரி பிடித்திருக்கும். அதைப் பிடித்து இறக்குகிற துணியிலும் கரி அப்பும். பெயரிலேயே கதை இருக்கிறது. றகரம் போட்டால் காய்கறியோ இறைச்சியோ ஆகிவிடும். சங்கப் பாடல்களில் என்றால் மிளகு!

பிடித்துணி

பிடிதுணி. ஒற்று மிகாது. பிடித்த, பிடிக்கிற, பிடிக்கும் என்று மூன்று காலத்துக்கும் விரியக்கூடிய வினைத்தொகை அது, துடைதுணியும் அப்படித்தான். ஆனால் கரி பெயர்ச்சொல், அதனால் கரித்துணியில் ஒற்று மிகும். கைப்பிடித்துணியிலும் மிகும், கைப்பிடி பெயர்ச்சொல் என்பதால்.

எந்தக் கரித்துணி?

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

எழுதத் தொடங்கிய புதிதில் ஒரு சாம்பார் குறிப்பில், "கொதித்ததும் கரித்துணியால் பிடித்து இறக்கவும்" என்று எழுதினேன். எங்கள் வீட்டில் கரித்துணி என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற பழைய வேட்டித் துண்டு. நாலாக மடித்து ஓரம் தைத்தது, எப்போதும் காய்ந்தே இருக்கும். சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குறிப்பை வைத்து முதல்முறையாகச் சமைத்தவன் என் சித்தி மகன். "அம்மா, கரித்துணி எங்க?" என்று கேட்டிருக்கிறான். "ஸிங்க் ஓரமா பாருடா" என்று கூடத்திலிருந்தே பதில் வந்திருக்கிறது. சித்தி வீட்டில் காஸ் அடுப்பு. கரி போய்ப் பல வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. மேடை துடைக்கிற ஈரத்துணிக்கு இடம் மாறிவிட்டது. அவன் அதையே இரண்டாக மடித்துப் பாத்திரத்தைத் தூக்கினான். முதலில் ஒன்றும் தெரியவில்லையாம். மேடை வரை வருவதற்குள் சுரீரென்று பிடித்துக்கொள்ள, கையை விட்டுவிட்டான். சாம்பார் தரையில், விரல் நுனிகளில் கொப்புளம். "நீ எழுதினபடிதானேக்கா செஞ்சேன்" என்றான். என்னிடம் பதில் இல்லை.

காய்ந்த பருத்தித் துணியில் இழைகளுக்கு நடுவே காற்று அடைந்திருக்கும். காற்று சூட்டை எளிதில் கடத்தாது, அதுதான் கையைக் காப்பாற்றுகிறது. துணி நனைந்தால் அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, 100 டிகிரியைத் தாண்டிய வாணலி விளிம்பில் ஈரம் பட்டால் ஆவியாகி நேரே விரலுக்குத்தான் வரும்.

ஆகவே கரித்துணி என்று மொட்டையாக எழுதாதீர்கள். இறக்குவதற்கு என்றால் "காய்ந்த, கனமான பருத்தித் துணி". துடைப்பதற்கு என்றால் "மேடை துடைக்கிற துணி". வார்த்தை கூடுகிறதே என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. கூடட்டும். சுட்டுக்கொண்ட விரலைக் குழாயடியில் 20 நிமிடம் பிடித்து நிற்பதைவிட இரண்டு வார்த்தை படிப்பது சுலபம். அப்புறம், "ஏதாவது ஒரு துணியால்" என்பதும் கூடாது. மைக்ரோஃபைபர் துணியில் பெரும்பங்கு பாலியெஸ்டர்; 250 டிகிரி வாக்கில் உருகிவிடும். அடுப்புச் சுவாலையின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம்.

தேநீர்த் துண்டு

"டீ டவல்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. வேண்டாம்.

மாவைக் கரித்துணியால் மூடுதல்

ஆங்கிலக் குறிப்பில் "டீ டவல்" என்று இருந்திருக்கும். அது கழுவிய பாத்திரத்தைத் துடைக்கிற சுத்தமான துணி. அதைக் கரித்துணி ஆக்கினால் படிக்கிறவருக்குக் குமட்டும். "சுத்தமான வெள்ளைத் துணியால் மூடவும்" போதும். பானை, ஜாடி என்றால் "வாயை வேடு கட்டவும்" என்று அழகாகவே சொல்லலாம், வாயைத் துணியால் மூடிக் கட்டுவதுதான் வேடு கட்டுவது. இந்தச் சொல்லைப் புதியவர்கள் மறந்தே விட்டார்கள்.

உவமையாக

"கரித்துணி போல மெத்தென்ற சப்பாத்தி" என்று ஒருவர் எழுதி அனுப்பினார். நம் வீடுகளில் ஒரு வேட்டியைப் பார்த்து "என்ன, கரித்துணி மாதிரி இருக்கு?" என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, மெத்தென்ற சப்பாத்தி மட்டும் இருக்கட்டும்" என்று பதில் வந்தது.