கல்லீரல், கணைய சர்ஜன் ஆக ஆசையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கடலூரில் பொது அறுவை சிகிச்சை செய்கிறேன். ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "லிவர் சர்ஜன் ஆக எத்தனை வருஷம் சார்?" என்றுதான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, பொது அறுவை சிகிச்சைக்கான எம்.எஸ். 3, அதற்கு மேல் இந்தத் துறைக்கென்றே உள்ள எம்.சி.எச். 3 வருஷம். எந்தத் தேர்விலும் சறுக்காமல் போனாலே வயது முப்பதை நெருங்கிவிடும். கல்லீரல் மாற்று கற்க அதற்கு மேலும் ஒன்றிரண்டு வருஷம். இதை வீட்டில் முன்கூட்டியே உட்கார்ந்து பேசாமல் விடுவதுதான் முதல் தவறு. நடுவில் வரும் கல்யாணப் பேச்சும் கடன் தவணையும் நல்ல கைகளை நிறுத்திவிடுகின்றன.

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்று நம்பி, எம்.சி.எச். சேர்வதற்கான நீட் எஸ்.எஸ். தேர்வை மட்டும் எழுதுகிறவர்களும் உண்டு. ஜிப்மருக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்ற தேர்வு தனி. அப்புறம், சில மாத ஃபெல்லோஷிப் பயிற்சிச் சான்றிதழை எம்.சி.எச்.சுக்கு ஈடாக எண்ணாதீர்கள்.

சி.டி. ஸ்கேனில் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் படிப்பது ஆபத்தான பழக்கம். கல்லீரலுக்குப் போகும் வலது தமனி சிலருக்குக் குடல் தமனியிலிருந்து கிளம்பி, கணையத் தலைக்குப் பின்னால் ஏறும். படத்தை நீங்களே ஓட்டிப் பார்த்திருந்தால்தான் கத்தி அங்கே தயங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தையல் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. கணையத் தலையில் கட்டி வந்தால் செய்யும் விப்பிள் ஆபரேஷனில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி எல்லாம் எடுக்கிறோம். பிறகு கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு இணைக்கிறோம். இதில் கணைய இணைப்புதான் நம்மைத் தூங்கவிடாது. அங்கே கசிந்தால் செரிமான நீர் பக்கத்து ரத்தக்குழாயையே அரித்துவிடும். அதனால்தான் மூன்றாம் நாள், வயிற்றிலிருந்து திரவத்தை வெளியேற்றும் டிரெயின் குழாயில் அமைலேஸ் என்ற கணைய நொதி எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறோம். ஒரு வாரம் கழித்து, நோயாளி நன்றாக நடமாடும்போது, டிரெயினில் கொஞ்சமாக ரத்தம் தெரியலாம். அது தானாக நின்றும்விடும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். அந்த ராத்திரியே ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்து, கசியும் குழாயை அடைக்க ரேடியாலஜிஸ்டை எழுப்ப வேண்டும். எனவே பயிற்சிக்கு இடம் தேடும்போது, எத்தனை விப்பிள் நடக்கிறது என்பதோடு, ராத்திரியில் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, பேச்சு. பண்ருட்டியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ ஒருவர் கண் மஞ்சளோடு வருவார். வலி இல்லாததால் இரண்டு மாதம் கீழாநெல்லி குடித்துப் பார்த்திருப்பார். கட்டி பித்தக்குழாயை அடைத்திருக்கும். "ஏன் இவ்வளவு லேட்டாக வந்தீர்கள்?" என்று கத்தினால், அடுத்து நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கணையம் எங்கே இருக்கிறது, எதை எடுக்கப்போகிறோம் என்று ஒரு தாளில் அவருக்கும் அவர் மனைவிக்கும் வரைந்து காட்டுங்கள்.