மணி பார்த்துப் பனாடோ, தேவைக்கு மட்டும் டிராமடால்

வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பகத்தை மறுபடி அமைக்கும் பெரிய அறுவை முடிந்து வீடு வந்தவர், வலி ஏறிய பிறகு மாத்திரை தேடக்கூடாது. ஏறிய வலியை இறக்கத்தான் டிராமடால் என்ற கடும் வலி மாத்திரை அதிகம் தேவைப்படுகிறது.

டாக்டர் வேறு சொல்லாவிட்டால், முதல் நாலைந்து நாள் வலி இல்லாவிட்டாலும் பனாடோ (பாராசிட்டமால்) 500 மி.கி. மாத்திரை இரண்டு: காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் அதுவே அதிகம். கூடவே ஐபுபுரூஃபன் 400 மி.கி., மூன்று வேளையும் சாப்பிட்ட பின். இதற்கு மட்டும் அறுவை செய்த டாக்டரின் அனுமதி வேண்டும். சிறுநீரகக் கோளாறு, குடல்புண், ரத்தம் உறையாமல் போடும் ஊசி, சில பிரஷர் மாத்திரைகள் ஆகியவற்றோடு இது ஒத்துவராது. சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீடு நம் தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எத்தனை?

அலமாரியில் கிடக்கும் மைப்ரோடோல் என்ற கூட்டு வலி மருந்தைத் தொடாதீர்கள். ஒரு கேப்ஸ்யூலில் ஐபுபுரூஃபன் 200, பாராசிட்டமால் 250, கோடீன் 10 மி.கி. இருக்கிறது. ஒரு நாளில் ஆறு கேப்ஸ்யூல் போட்டால் பாராசிட்டமால் 1.5 கிராம், பனாடோவின் 4 கிராமோடு சேர்ந்து 5.5. ஈரல் தாங்காது. ஸ்டில்பேன் என்ற வலி மருந்திலும் பாராசிட்டமாலும் கோடீனும் உண்டு. 'டாக்டர் எழுதியது வேறு, இது சும்மா வலி மாத்திரை' என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி நீட்டினாலும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஆழமாக மூச்சிழுக்கவோ இருமவோ எழுந்து நடக்கவோ முடியவில்லை என்றால்தான் டிராமடால், எழுதித் தந்ததில் குறைந்த அளவு. வலி முழுக்கப் போகவேண்டும் என்று எதிர்பார்த்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். மன அழுத்த மாத்திரை எடுப்பவர் கெமிஸ்டிடம் முன்பே சொல்லவேண்டும், வலிப்பு வரலாம். டிராமடாலால் மலச்சிக்கல் எளிதில் வரும் என்பதால் முதல் நாளே மலமிளக்கியான செனோகாட் தொடங்குங்கள்.

படுக்கும்போது முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுத்தால் வயிற்றுத் தையல் இழுக்காது. இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் வெக்கையிலும் புது மார்பில் ஐஸ் கூடாது: ரத்தக் குழாய் சுருங்கும். வெந்நீர்ப் பையும் கூடாது. உணர்வில்லாத தோல் வெந்துபோவது தெரியாது.

மார்பு வெளுத்தாலோ நீலம் பூத்தாலோ குளிர்ந்தாலோ, ஒரே பக்கம் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மாத்திரை போட்டுப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்கால் வீக்கத்துக்கும் அப்படியே. மூச்சு திணறினால் ஆம்புலன்ஸுக்கு 10177.