பங்குக் காணியும் கடன்காரரும்: உறுதி எழுதப் பழகுபவர்கள் விடும் பிழைகள்

சென்ற மாதம் யாழ்ப்பாண நீதிமன்ற வளவில், வாங்கில் இருந்த ஓர் அம்மாவுக்கு ஓர் இளம் சட்டத்தரணி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "பங்கு பிரியாத காணியம்மா. அண்ணாவின்ர கடனுக்கு அதை ஒருத்தரும் தொடேலாது. நீங்கள் நிம்மதியாப் போங்கோ."

நொத்தாரிசாக, காணிப் பத்திரங்களான உறுதிகளை எழுதும் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் இதே வார்த்தைகளை நானும் ஓர் அக்காவுக்குச் சொன்னேன். அதற்கு அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லை மாறுவது, பரப்பும் குழியும் என்ற காணி அளவுகள் பிசகுவது, சாட்சியின் அடையாள அட்டை இலக்கம் தப்புவது போன்றவற்றை இரண்டு முறை ஏச்சு வாங்கினால் நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

"பிரியாத காணிதானே, பயமில்லை"

பயப்பட வேண்டும். நம் நாட்டில் கூட்டுரிமை ரோமன் டச்சுச் சட்டத்தின் வழி வருகிறது. தன் பிரியாத பங்கை மற்றப் பங்காளிகளைக் கேளாமலே ஒருவர் விற்கலாம், ஈடு வைக்கலாம், நன்கொடையாகக் கொடுக்கலாம். அவர் தானே விற்கக்கூடிய ஒன்றை அவருடைய கடனுக்காக நீதிமன்றமும் விற்கலாம். கடன் கொடுத்து, தீர்ப்பும் எடுத்த கடன்காரர், தீர்ப்பை நிறைவேற்றும் எழுத்தாணை பெற்று, அதை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் மூலம் அந்தப் பங்கைக் கைப்பற்றி ஏலம் விடலாம்.

மற்றச் சகோதரங்களின் பங்குகளை அவர் எடுக்க முடியாது. இது உண்மை. ஆனால் இந்தப் பாதி உண்மைதான் ஆட்களைத் தூங்க வைக்கிறது. ஏலத்தில் எடுத்தவர் காணியின் ஒரு மூலையைப் பெறுவதில்லை. முழுக் காணியிலும், ஒவ்வொரு பிடி மண்ணிலும், கிணற்றிலும் பாதையிலும் பங்காளியாகிறார். அடுத்த நாளே 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் காணிப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு. பிரிக்கச் சாத்தியமில்லாத துண்டு என்று நீதிமன்றம் கண்டால் முழுக் காணியும் விற்பனைக்குப் போகலாம். அண்ணனின் கால் பங்கில் தொடங்கிய விவகாரம் தங்கையின் வீட்டு வாசலுக்கு வருவது இப்படித்தான்.

வேலியை நம்புவது

"எங்கட பக்கம் வேலி அடைச்சு இருபது வருசம்" என்பார்கள். வேலி உறுதி ஆகாது. காணி உரிமையை மாற்றும் எழுத்து நொத்தாரிசு முன் முடிக்கப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த நாள் முதல் உள்ள விதி. வாய்ப்பேச்சில் பிரித்த காணி, எழுத்தில் இன்னும் ஒன்றாகவே கிடக்கும்.

அதற்காக வேலிக்கு ஒரு பெறுமதியும் இல்லை என்று அந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எல்லோரும் சம்மதித்துப் பிரித்து, பத்து வருடத்துக்கு மேல் தனித்தனியாக ஆண்டிருந்தால், ஆட்சியுரிமை கேட்க வழி உண்டு. ஆனால் நிரூபிக்கும் பாரம் முழுவதும் அவர்கள் தலையில். ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளுக்காகவும் நடக்கும் ஆட்சி என்பதே கொரயா எதிர் அப்புஹாமி வழக்கு முதல் நீதிமன்றம் எடுக்கும் நிலை. மற்றவரைப் புறந்தள்ளி ஆண்டது தெளிவாகக் காட்டப்பட வேண்டும். வரிப் பற்றுச்சீட்டு, தனி நில அளவைப் படம், மின்சாரப் பட்டியல், அயலவர் சாட்சி என்று கையில் உள்ளதை அன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.

கைப்பற்றல் பதிந்தபின் எழுதும் உறுதி

எனக்கு இன்றைக்கும் ஆறாத பிழை இது. மேலே சொன்ன அக்காவின் கதையும் இதுதான்.

உரும்பிராயில் 12 பரப்புத் தோட்டக் காணி, நல்ல செம்மண். தகப்பன் இறந்தபின் நான்கு பிள்ளைகளுக்கும் சமபங்கு. மூத்தவர் கனடாவில். கடைசித் தம்பி சிநேகிதர் ஒருவரின் லொறிக் கடனுக்குப் பிணை நின்றவர். சிநேகிதர் கட்டவில்லை, கடன் கொடுத்த நிறுவனம் பிணையாளிக்கு எதிராகவும் தீர்ப்பு எடுத்தது. கிணறு இருந்த பக்கத்தில் வெங்காயம் வைத்திருந்தவர் அக்கா. என்னிடம் வந்து, "தம்பி, அவன்ர பங்கைத்தானே எடுப்பினம், என்ர பக்கம் வரமாட்டினம் என்ன?" என்று கேட்டார். வரமாட்டார்கள் என்றேன். சில வாரம் கழித்து, மனம் கேளாமல், தம்பியின் பங்கைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொன்னார். கையிருப்பு முழுவதையும் தம்பிக்குக் கொடுத்தார். நான் மார்ச்சில் உறுதி முடித்தேன். பதிவேட்டைப் பார்த்ததோ ஜனவரியில். இடையில், பெப்ரவரியில், கைப்பற்றல் அறிவித்தல் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தது.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 238ஆம் பிரிவைப் படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கைப்பற்றல் பதிந்து நிலுவையில் இருக்கும்போது கடனாளி செய்யும் விற்பனையோ, ஈடோ, குத்தகையோ, பிஸ்கால் விற்பனையில் வாங்கியவருக்கு எதிராகச் செல்லாது. அக்கா உண்மையாகவே பணம் கொடுத்தவர். அது அவரைக் காப்பாற்றவில்லை.

ஏலத்தில் எடுத்தவர் ஒரு காலையில் தோட்டத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. கிணற்றுக்கட்டில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்து, "கோடையில தண்ணி எவ்வளவுக்கு இறங்கும்?" என்று அக்காவைக் கேட்டார். பிரிவினை வழக்கு என்று பேச்சு வந்ததும், தாலிக்கொடியை அடைவு வைத்து, அவர் கேட்ட விலைக்கே அந்தக் கால் பங்கை அக்கா இரண்டாம் முறை வாங்கினார். ஒரே மூன்று பரப்புக்கு இரண்டு விலை. என்னை அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போதும் என்னிடம் பழக வரும் பிள்ளைகள், "போன மாதம்தானே தேடிப் பார்த்தோம்" என்று உறுதியை நீட்டும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. கையொப்பம் வைக்கும் அன்று காலையில் பதிவகத்துக்குப் போங்கள். ஏட்டின் கடைசி வரியை உங்கள் கண்ணால் பாருங்கள், இன்னொருவர் சொன்னதை எழுதாதீர்கள். விற்பவரிடம், "உங்கள் பேரில் வழக்கு உண்டா? யாருக்காவது பிணை நின்றீர்களா?" என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கடன் பட்டவர்கள் தங்கள் கடனைச் சொல்வார்கள். பிணை நின்றவர்கள் அதைக் கடன் என்றே நினைப்பதில்லை. உறுதி முடிந்ததும் அன்றே பதியக் கொடுங்கள்.

சரி, கைப்பற்றல் இன்னும் பதியவில்லை, அதற்குள் தங்கைக்கு நன்கொடை எழுதிவிடலாமா என்று அடுத்த கேள்வி வரும். கடன்காரரை ஏய்க்க எழுதிய உறுதியை நீக்கும்படி வழக்குப் போடவும் நம் சட்டத்தில் இடமுண்டு. தீர்ப்பு வந்த கிழமையில், விலை வாங்காமல், கூடப் பிறந்தவருக்கு எழுதினால், அந்த வழக்குக்குத் தேவையான சாட்சியத்தை நீங்களே தயாரித்துக் கொடுக்கிறீர்கள்.

"உறுதி அப்பாவின் பெயரில்தானே இருக்கு"

இறந்த அன்றே உரிமை பிள்ளைகளிடம் வந்துவிடும், கடன்காரரும் அதைத் தேடி வருவார்.

பிரிவினை வழக்கு நடக்கும்போது பங்கை விற்பது

வழக்கு காணிப் பதிவகத்தில் பதியப்பட்டபின் தாமாக எழுதும் விற்பனை, குத்தகை, ஈடு எதுவும் செல்லாது. எழுத மறுத்துவிடுங்கள்.

சீதனத்தையும் தேடியதேட்டத்தையும் குழப்புவது

வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பம் என்றால், கணவனின் கடனுக்கு மனைவியின் காணியைக் காட்டும் முன் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மனைவியின் சீதனமும், பெற்றோர் வழி வந்த முதுசமும் அவரது தனிச் சொத்து. கணவன் பட்ட கடனுக்கு அவை பொறுப்பல்ல. அந்தக் காணியின் பயிர்ச்செய்கைக்கோ திருத்தத்துக்கோ பட்ட கடன் மட்டும் வேறு கதை. மணவாழ்க்கையில் தேடிய சொத்தான தேடியதேட்டம் அப்படி அல்ல. 1947இல் சட்டத்தின் சொற்களே மாறின. எந்த வருடம் வாங்கியது, யார் பெயரில், யாருடைய பணத்தில் என்று பார்க்காமல் "பாதி மனைவிக்கு" என்று எழுதிவிடாதீர்கள்.

மனைவியின் சீதனக் காணியைப் பிஸ்கால் தவறுதலாகக் கைப்பற்றியிருந்தால் உடனே உரித்துக் கோரிக்கை கொடுக்க வேண்டும். அது நிராகரிக்கப்பட்டால் வழக்குப் போட இருப்பது 14 நாள். ஊரில் திருவிழா, செத்தவீடு என்று அந்த 14 நாளையும் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஈட்டுக் கடனைச் சாதாரணக் கடன் என்று நினைப்பது

காணியை வங்கிக்கு ஈடு வைத்திருந்தால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே விற்பனைக்குப் போக முடியும். எழுத்தாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஏலத்தன்று வீட்டில் இருப்பது

சகோதரங்கள் மானத்துக்குப் பயந்து ஏலத்துக்குப் போவதில்லை. போட்டி இல்லாத ஏலத்தில் வெளியார் மலிவாக எடுத்துவிடுகிறார். போங்கள், கேளுங்கள். காசைக் கையோடு கொண்டு போங்கள், விலையின் காற்பங்கை அந்த இடத்திலேயே கட்ட வேண்டி வரும். அப்படியும் வெளியார் வந்து பிரிவினை வழக்கும் வந்துவிட்டால், நில அளவையாளர் அளக்க வரும் அன்று காணியில் நில்லுங்கள். கிணறு, வீடு, தென்னை எது யார் செய்தது என்று அவரிடம் சொல்லி, அறிக்கையில் எழுதுவியுங்கள்.

அந்த வாங்கில் இருந்த அம்மா எழுந்து போகும் முன் நான் அந்த இளம் சட்டத்தரணியைத் தனியே கூப்பிட்டேன். இருவருமாக அன்று பிற்பகலே பதிவகத்துக்குப் போனோம். தீர்ப்பு வந்திருந்தது, கைப்பற்றல் இன்னும் பதியப்படவில்லை. கடன்காரரின் சட்டத்தரணியிடம் பேசி ஒரு தொகைக்கு இணங்கினோம். அண்ணனின் பங்கை அம்மா சரியான விலைக்கு வாங்கினார். காசு அண்ணன் கைக்குப் போகவில்லை, கடன்காரரின் கணக்குக்கு நேரே போனது. உறுதியில் அதை அப்படியே எழுதினோம். மற்ற இரண்டு சகோதரங்களும் எழுத்தில் சம்மதம் தந்தார்கள். வெளிநாட்டில் இருந்தவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரமான அற்றோனித் தத்துவம் வைத்திருந்த மச்சான் வந்து கையெழுத்து வைத்தார். அன்று காலை ஏட்டின் கடைசி வரியைப் பார்த்து வந்தவர் அந்த இளம் சட்டத்தரணிதான். பதிவகம் மூடும் முன் உறுதியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான்.