ஏற்காட்டில் முதல் பாடலைப் பதிவு செய்தல்

1954 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள சன் ஒலிப்பதிவுக் கூடத்தில், மெதுவான பாடல்கள் கைகூடாத நிலையில், இடைவேளையில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஒரு பழைய புளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) பாடலைத் துள்ளலாகப் பாடத் தொடங்க, ஸ்காட்டி மூரின் கிதாரும் பில் பிளாக்கின் பாஸும் சேர்ந்துகொண்டன. கூடத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் அதை மீண்டும் தொடங்கச் சொல்லிப் பதிவு செய்தார். டிரம்ஸே இல்லாத அப்பதிவுதான் எல்விஸின் முதல் இசைத்தட்டில் வெளிவந்தது.

ஆகவே, ஏற்காட்டு வீடொன்றில் பதிவு செய்ய வரும் சேலத்து இளைஞர்கள் இடைவேளையிலும் பதிவுக் கருவியை அணைக்கவே கூடாது. அனைவரும் ஒரே அறையில், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும்படி நின்று, சேர்ந்தே வாசியுங்கள். ஒரே மைக் எனில் பாடுபவர் அருகிலும் கிதார் சற்றுத் தள்ளியும் இருக்கட்டும். தகரக் கூரையில் மழை விழும் நேரத்தைத் தவிருங்கள். சேலத்து வெயிலிலிருந்து மலைக்குளிருக்கு வந்த கிதாரின் தந்திகளில் சுருதி மாறும் என்பதால், அதைச் சிறிது நேரம் அறையில் வைத்த பின்னரே சுருதி சேர்க்க வேண்டும்.