‘சென்டிமென்டல் ஹைஜீன்’: வாரன் ஸீவானின் ஆல்பத்தை மூன்று முறை கேட்பது எப்படி

1987 ஆகஸ்டில் வெர்ஜின் நிறுவனம் வெளியிட்ட ‘சென்டிமென்டல் ஹைஜீன்’ ஆல்பத்தில் பத்துப் பாட்டு. மொத்தம் 40 நிமிடத்தை ஒட்டி வரும். வாரன் ஸீவான் குடியை விட்ட பிறகு போட்ட முதல் ஆல்பம் இது. ஒரே ஒரு தடவை ஓடவிட்டால், நாக்கில் நஞ்சு வைத்திருக்கும் ஓர் அமெரிக்க ராக் பாடகரின் வேகமான இசைத்தட்டு என்ற எண்ணம்தான் மிஞ்சும். அதோடு நிறுத்தினால் பாதி ஆல்பம் கைநழுவிவிடும். எகத்தாளத்துக்கு அடியில் ஒரு மன்றாட்டு ஓடுகிறது. அது பிடிபட மூன்று முறை, மூன்று விதமாகக் கேட்க வேண்டும்.

முன்கதை, தேவையான அளவு

1976இல் பாடகர் ஜாக்சன் பிரவுன் தயாரித்த ஆல்பம் ஸீவானுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1978இல் ‘எக்ஸைட்டபிள் பாய்’ வந்து, அதிலிருந்த ‘வேர்வுல்வ்ஸ் ஆஃப் லண்டன்’ ஊரெல்லாம் ஒலித்தது. அதே காலத்தில் குடி அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1981இல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அவருடைய குடிநோயையே அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 1982இல் வந்த ‘தி என்வாய்’ விற்கவில்லை. பழைய இசைத்தட்டு நிறுவனம் தன்னைக் கைவிட்ட செய்தியை அவர் அதே பத்திரிகையின் துணுக்குப் பகுதியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அடுத்த ஆல்பம் வர ஐந்து வருடம் ஆனது.

அந்த இடைவெளியில் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் ஊரில் ஆர்.ஈ.எம். என்ற ராக் குழுவோடு பழக்கம் ஏற்பட்டது. அந்தக் குழுவின் பில் பெர்ரி (டிரம்ஸ்), மைக் மில்ஸ் (பேஸ்), பீட்டர் பக் (கிட்டார்) மூவரும்தான் இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. தயாரிப்பில் ஸீவானோடு நீகோ போலாஸும் ஆண்ட்ரூ ஸ்லேட்டரும் கூட்டு. முன்கதை இவ்வளவு போதும். வாழ்க்கை வரலாறு முழுவதையும் படித்துவிட்டுக் கேட்க உட்கார்ந்தால், ஒவ்வொரு வரியிலும் குடிகாரரைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

கருவியைத் தயார்செய்தல்

செயலியில் கேட்பவர்கள் முதலில் மூன்றை அணைத்துவிடுங்கள்: ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட், ஆட்டோபிளே (ஆல்பம் முடிந்ததும் வேறு பாட்டைத் தானாக ஓட்டுவது). கிராஸ்ஃபேட் இருந்தால் ஒரு பாட்டின் கடைசி நொடிகளும் அடுத்த பாட்டின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஆல்பத்துக்கும் அதன் முதல் பாட்டுக்கும் ஒரே பெயர் என்பதால், தேடும்போது பாட்டை மட்டும் தட்டிவிட வாய்ப்புண்டு. பட்டியலில் பத்துப் பாட்டு இருக்கிறதா, ஐந்தாவது ‘ரீகன்சிடர் மீ’, ஆறாவது ‘டீடாக்ஸ் மேன்ஷன்’தானா என்று பாருங்கள். சில மறுபதிப்புகளில் கடைசியில் கூடுதல் தடங்கள் இருக்கும். முதல் முறை கேட்கும்போது பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் ஒலிப்பதிவு என்பதால் ஸ்னேர் டிரம் (தாளத்தில் ‘டப்’ என்று விழும் அடி) பெரிதாக, எதிரொலியோடு விழும். கைப்பேசியின் ஸ்பீக்கரில் அந்த அடி மட்டும் முன்னே வந்து, குரல் பின்னால் தள்ளப்படும். ஸீவானின் குரல் கனமானது, தாழ்ந்த சுருதியில் நடப்பது. சிறிய ஸ்பீக்கரால் அதன் அடிப்பகுதியைக் கொடுக்க முடியாது. கம்பி வைத்த சாதாரண ஹெட்ஃபோனே போதும். டிரம் காதைக் குத்தினால் ஈக்வலைசரில் (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபெல் குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் மெய்யெழுத்துகள் மழுங்கிவிடும். சொல்லை நம்பி நிற்கும் பாட்டுக்காரரிடம் அதை இழக்கக் கூடாது.

எல்பி என்ற வினைல் இசைத்தட்டில் கேட்பவர்கள் முள்ளையும் தட்டையும் துடைத்துவிட்டு, முள்ளின் அழுத்தத்தைக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் பகுதி) தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 1.5 முதல் 2.5 கிராமுக்குள் இருக்கும். இந்த ஆல்பத்தில் அதற்குத் தனிக் காரணம் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. தடம் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஒலி நெருக்கியடித்துக்கொண்டு பதிந்திருப்பதால் ‘ஸ்’, ‘ஷ்’ ஓசைகள் அங்கேதான் கரகரக்கும். முதல் பக்கத்தில் அந்த உள்வட்டத்தில் அமைந்திருப்பது ‘ரீகன்சிடர் மீ’, ஆல்பத்திலேயே மிக மென்மையான பாட்டு. அழுத்தம் குறைந்திருந்தாலோ கார்ட்ரிட்ஜ் கோணலாக இருந்தாலோ முதலில் அடிபடுவது அதுதான். வேகமான பாட்டுகளில் சரியாக இருந்து இங்கே மட்டும் குரல் பிசிறினால், தட்டைக் குறை சொல்வதற்கு முன் முள்ளைப் பாருங்கள்.

முதல் முறை: வரிகளைப் பார்க்காமல், இடையில் ஒரு நிறுத்தத்தோடு

வரிசையை மாற்றாமல் கேளுங்கள். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இந்த வழிமுறையில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 1987இல் எல்பி வாங்கியவர் இந்த இடத்தில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டாக வேண்டும். முதல் பக்கம், பழையதை மனதில் வைத்துச் சந்தேகப்படாதே, நான் மாறிவிட்டேன் என்று சத்தியம் செய்யும் பாட்டில் முடிகிறது. தட்டைத் திருப்பி முள்ளை வைத்தால், அதே குரல் போதைமீட்பு மாளிகைக்குக் கிளம்பிவிட்டேன் என்கிறது. சத்தியத்துக்கும் அந்தப் பயணத்துக்கும் நடுவில் ஒரு மௌனம் தேவை. செயலியில் இரண்டு நொடியில் அடுத்தது தொடங்கிவிடுவதால், உருக்கமான பாட்டு ஒன்று, கிண்டல் பாட்டு ஒன்று என்று தனித்தனியாகக் காதில் விழுகின்றன. உண்மையில் இரண்டும் ஒரே மனிதன் ஒரே வாரத்தில் பேசக்கூடிய பேச்சு.

இரண்டாம் முறை: வரிகளோடு

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: பேசுவது யார், குத்துவது யாரை? எழுதி முடித்தபின் பாருங்கள். பெரும்பாலான குத்து பாடுகிறவர்மீதே விழுந்திருக்கும்.

தலைப்புப் பாட்டில் தொடங்குங்கள். ‘ஹைஜீன்’ என்றால் சுகாதாரம், பல் துலக்குவதுபோல நாள்தோறும் செய்வது. ஒருநாள் செய்துவிட்டு விட முடியாது. பாட்டில் வருபவர் தினமும் எழுந்து வேலைக்குப் போகிற சாதாரண மனிதர். மனதுக்கும் அப்படியொரு சுத்தம் வேண்டும் என்கிறார். குடியை விட்டவருக்கு இதைவிடத் துல்லியமான தலைப்பு அமைந்திருக்காது.

‘டீடாக்ஸ் மேன்ஷன்’ தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் இடறும். மேன்ஷன் என்றதும் நமக்குத் திருவல்லிக்கேணியின் தனிக்கட்டை அறைகள் நினைவுக்கு வரும். இங்கே அது பங்களா. 1982இல் கலிஃபோர்னியாவில் பெட்டி ஃபோர்டு போதைமீட்பு மையம் தொடங்கியபின், நட்சத்திரங்கள் மீட்பு மையத்தில் சேர்வதே பத்திரிகைச் செய்தியாகிவிட்டிருந்தது. பாடுகிறவர் அங்கே பெயர்பெற்ற நடிகைகளோடு சேர்ந்து இலைதழை கூட்டுகிறார். லிமோசின் காரின் பின் சீட்டில் ஊரைவிட்டு வந்தவர், இப்போது தன் துணியைத் தானே துவைக்கிறார். அந்தத் துவைக்கும் வரியில் நின்று கேளுங்கள். கேலி அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் துணி சுத்தமாகிறது என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. புகழ்பெற்றவர்களின் பம்மாத்தைக் கேலிசெய்யும் பாட்டு என்று மட்டும் இதை எடுத்துக்கொண்டால், பாடுகிறவரும் அந்த வரிசையில் நின்று துணி துவைத்துக்கொண்டிருப்பது கண்ணில் படாது.

‘ட்ரபிள் வெய்ட்டிங் டு ஹேப்பன்’ பாட்டில் தபால்காரர் ‘ரோலிங் ஸ்டோன்’ கொண்டுவந்து தருகிறார். தான் செய்ததாகத் தனக்கே தெரியாத காரியங்களைப் பாடுகிறவர் அதில் படிக்கிறார். முன்கதையில் சொன்ன துணுக்குச் செய்தி நினைவிருந்தால் அந்த வரி வேறு எடையில் விழும்.

‘பேட் கர்மா’வுக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை என்று தோன்றும். அங்கேதான் சறுக்குவோம். அமெரிக்கப் பேச்சு வழக்கில் அந்தச் சொல் துரதிர்ஷ்டம் என்ற அளவுக்கு இளைத்துவிட்டது. முற்பிறவியில் ஏதாவது செய்துவிட்டேனா என்று பாட்டில் வருபவர் கேட்கிறார். கேட்கிற நமக்குத் தெரியும், அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எல்லாம் இந்தப் பிறவியில் செய்த வினைதான். பாடியவருக்கும் அது தெரியும். பின்னால் ஒலிக்கும் சித்தாரை அலங்காரம் என்று ஒதுக்காதீர்கள். பழியைத் தூரத்து தேசத்துத் தத்துவத்தின்மேல் போடும் மனநிலையையே அது இசையாக்கிக் காட்டுகிறது.

‘பூம் பூம் மான்சினி’ குத்துச்சண்டை வீரர் ரே மான்சினியைப் பற்றியது. 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் அவரோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம், 14ஆம் சுற்றில் விழுந்து, சில நாளில் இறந்தார். அதன்பின் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப்போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறைத்தது. பாட்டு தொடங்குவதோ 1984 ஜனவரியில் பாபி சக்கோனோடு நடந்த போட்டியைப் பார்க்க வீட்டுக்கு ஓடிவரச் சொல்லித்தான். சாவு பின்னால் வருகிறது. அதற்கும் தீர்ப்பு கிடையாது. சம்பவம் முடிந்தபின் நியாயம் பேசுகிறவர்களைத்தான் பாட்டு அடிக்கிறது. தன் பெயர் பத்திரிகையில் கிழிபட்ட ஒருவர் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

‘தி ஃபேக்டரி’யில் அப்பாவுக்கு அடிபட்டதால் அவருடைய வேலைக்கு மகன் போகிறான். அங்கே அவன் கையாளும் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸும் ஒன்று. 2002இல் ஸீவானுக்கு மீசோதீலியோமா என்று கண்டறிந்தார்கள். பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோய் அது. 2003 செப்டம்பர் 7 அன்று 56 வயதில் இறந்தார். அந்த வரி வரும்போது கை தானாக ஒலியைக் குறைக்கப் போகும். குறைக்காதீர்கள், 1987இல் அது ஒரு தொழிலாளியின் பாட்டு மட்டும்தான்.

‘ஈவன் எ டாக் கேன் ஷேக் ஹேண்ட்ஸ்’ ஒன்றில்தான் குத்து முழுவதும் வெளியே போகிறது, கைகுலுக்கி ஒட்டிக்கொள்ளும் ஹாலிவுட் கூட்டத்தின்மேல். கடைசிப் பாட்டான ‘லீவ் மை மங்கி அலோன்’ தலைப்பை வைத்து ஏமாற வேண்டாம். ஆங்கிலக் கொச்சையில் குரங்கு என்பது போதைப் பழக்கத்தையும் குறிக்கும் என்றாலும், பாட்டு 1950களின் கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த மாவ் மாவ் கிளர்ச்சியைச் சுற்றியது.

மூன்றாம் முறை: கைகளைக் கேட்பது

இந்த முறை குரலை விட்டுவிட்டு வாத்தியங்களைப் பின்தொடருங்கள். தலைப்புப் பாட்டில் லீட் கிட்டார் நீல் யங். ஒரே சுரத்தை இழுத்துக் கிழிக்கும் கரடுமுரடான தொனியால் எளிதாகப் பிடித்துவிடலாம். ‘தி ஃபேக்டரி’யில் ஹார்மோனிகா பாப் டிலன். ‘ட்ரபிள்’ பாட்டில் கிட்டார் பிரையன் செட்ஸர். ‘பேட் கர்மா’வில் துணைக்குரலாக ஆர்.ஈ.எம். பாடகர் மைக்கேல் ஸ்டைப். கடைசிப் பாட்டு மட்டும் மற்ற ஒன்பதோடு ஒட்டாமல், நடன அரங்குக்குப் போட்டதுபோல ஒலிக்கும். அதில் ஃபங்க் இசைக்கலைஞர் ஜார்ஜ் கிளின்டனின் கையும் ஃப்ளீயின் பேஸும் இருக்கின்றன. முதல் கேட்பில் அது பிடிக்கவில்லை என்றால் குற்றமில்லை. ஆல்பத்தில் மிகவும் வயதாகிப்போன ஒலி அதுதான்.

விருந்தாளிகளைப் பிடிப்பதில் மூழ்கிவிடாதீர்கள். பெர்ரியும் மில்ஸும் போடும் நேரான, இறுக்கமான தாளத்துக்கு அரை மணி நேரமாவது காது கொடுங்கள். குரல் எவ்வளவு எகத்தாளம் செய்தாலும் தாளம் ஒருமுறைகூடத் தள்ளாடுவதில்லை.

மூன்றும் முடிந்து இன்னும் கேட்கத் தோன்றினால், 1990இல் வெளிவந்த ‘ஹிண்டு லவ் காட்ஸ்’ ஆல்பத்தை எடுங்கள். இதே ஒலிப்பதிவு நாட்களில் ஸீவானும் ஆர்.ஈ.எம். மூவரும் பழைய ப்ளூஸ் பாட்டுகளை வாசித்துத் தள்ளியதைப் பதிவாக்கிய தட்டு அது; பிரின்ஸின் பாட்டு ஒன்றும் உண்டு. அதற்கு நிறுத்தமோ தாளோ வேண்டாம். ஒலியைக் கூட்டி வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கலாம்.