ஊட்டி மலைப்பாதையில வேகம், விசை, முடுக்கம்: கணக்கு போட்டே புரிஞ்சுக்கலாம்

ஃபார்முலா மனப்பாடம் ஆயிடுச்சு ஆனா எதுக்குன்னு தெரியலங்கறவங்களுக்குத்தான் இது. மொபைல்ல கால்குலேட்டர் இருந்தா போதும்.

ஸ்டெப் 1: வேகம்

மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர், ஏறி முடிக்க கிட்டத்தட்ட 5 மணி நேரம். வகுத்தா மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம், அதை 3.6ஆல வகுத்தா செகண்டுக்கு சுமார் 2.6 மீட்டர். இது சராசரிதான், குன்னூர்ல நின்ன நேரமும் இதுக்குள்ள இருக்கு.

ஸ்டெப் 2: விசை

கல்லாறு தாண்டினா சில இடத்துல 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏத்தம். அங்க 1000 கிலோவை புவியீர்ப்பு கீழ்ப்பக்கமா இழுக்கற விசை 1000 × 9.8 ÷ 12, சுமார் 817 நியூட்டன். இந்த ஏத்தத்துக்கு இரும்பு சக்கரத்தோட பிடிப்பை மட்டும் நம்ப முடியாது, அதான் தண்டவாளத்துக்கு நடுவுல பல்சட்டம் போட்டு இன்ஜினோட பல்சக்கரம் அதைக் கவ்விட்டு ஏறுது.

இங்கதான் நெறைய பேர் குழம்புவாங்க. ரயில் நேர் பாதையில ஒரே வேகத்துல ஏறுதுன்னா அதுமேல இருக்கற மொத்த விசை பூஜ்யம். இன்ஜின் தள்ளறதும், புவியீர்ப்பும் உராய்வும் சேர்ந்து இழுக்கறதும் சரிக்கு சரி, அவ்ளோதான். தள்ளறது ஜாஸ்தியானா வேகம் கூடும், அதுதான் முடுக்கம்.

ஸ்டெப் 3: கொண்டை ஊசி வளைவு

எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு இருக்கு. ஸ்பீடோமீட்டர் முள்ளு அசையாம வளைஞ்சாலும் திசை மாறுதுல்ல, அதனால முடுக்கம் உண்டு. வேகத்தோட வர்க்கத்தை வளைவோட ஆரத்தால வகுக்கணும். ஆரம் 10 மீட்டர்னு வெச்சுக்குவோம். மணிக்கு 18 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 5 மீட்டர், 25 ÷ 10, அதாவது முடுக்கம் 2.5 (மீட்டர்/செகண்ட்²). சமாளிச்சுடலாம். மணிக்கு 36 கிலோமீட்டர்ல போனா செகண்டுக்கு 10 மீட்டர், 100 ÷ 10, அதாவது 10. விசைங்கறது நிறை × முடுக்கம், அதனால வேகம் ரெண்டு மடங்குதான், தேவைப்படற விசை நாலு மடங்கு! சாதாரண டயர் காய்ஞ்ச ரோட்டுலயே 7, 8 முடுக்கம் வரைக்கும்தான் தாங்கும், மழை பெஞ்சு ரோடு ஈரமா இருந்தா இன்னும் கம்மி. மீதி விசைக்கு எங்க போறது, வண்டி நேரா தடுப்புச்சுவரை நோக்கித்தான் போகும்.

இப்ப ஆரம் 15 மீட்டர், வேகம் 27ன்னு வெச்சு நீங்க போடுங்க. 3.75 வரணும், வரலைன்னா 3.6ஆல வகுக்க மறந்திருப்பீங்க.